கம்பியின் அந்த முனையில் என்ன இருக்கிறது?

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படிக்க உட்காராதீர்கள்.

முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், எட்டாம் வகுப்பில் மின்சாரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மேசை மேல் பேட்டரி, கம்பி, டார்ச் பல்பு. சுற்றை இணைத்ததும் பல்பு எரிந்தது. "ஸ்விட்சைப் போட்டதும் மின்சாரம் உடனே ஓடுகிறது" என்று கரும்பலகையிலும் எழுதிப் போட்டேன். ஜன்னல் ஓரத்துப் பையன் ஒருவன் எழுந்தான். "டீச்சர், கம்பியோட அந்த முனையில பல்பு இருக்கா, இல்ல சும்மா விட்டிருக்கான்னு, கிளம்பும்போதே கரண்டுக்கு எப்படித் தெரியும்?"

வகுப்பே சிரித்தது. "சுற்று மூடியிருந்தா போகும், திறந்திருந்தா போகாது. உட்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டான். எனக்கு விடை தெரியவில்லை என்பதுதான் உண்மை. ஆசிரியர் பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் "மூடிய சுற்று, திறந்த சுற்று" வரைக்கும்தான்.

இந்தப் பொங்கலுக்கு வையம்பட்டிக்கு வந்த என் தம்பி மகன், கூடத்தில் பாய் விரித்துப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றைப் பூட்டிக்கொண்டிருந்தான். மதர்போர்டில் நாலு ராம் குச்சிகளையும் செருகிவிட்டு ஸ்விட்சைப் போட்டான். விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். "போச்சாடா?" என்றேன். "இல்ல அத்தை, மெமரி ட்ரெயினிங் ஓடுது" என்றான். யாருக்கு ட்ரெயினிங், யார் வாத்தியார் என்று கேட்டேன். சிரித்தான். கொஞ்ச நேரத்தில் திரை வந்தது. ஆனால் இரண்டு குச்சி போட்டபோது இருந்த வேகம் நாலு போட்டபோது இல்லை. குறைத்துத்தான் ஓடுகிறது. பெட்டியோடு வந்த கையேட்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறதாம்.

ஆள் கூடினால் வேலை வேகமாக முடியும் என்பதுதானே நமக்குத் தெரிந்த கணக்கு? இங்கே ஏன் தலைகீழ்? பழைய பலகை ஒன்றை வெயிலில் காட்டினான். செயலிக்கும் மெமரிக்கும் நடுவே மெல்லிய செம்புத் தடங்கள் நேராகப் போகாமல் நெளிந்து வளைந்து, மார்கழியில் நாம் போடும் சிக்குக் கோலம் மாதிரி கிடந்தன. நேராகப் போக இடம் இருந்தும் நெளித்திருக்கிறார்கள். அன்றைக்குத் தொடங்கி அவனிடம் கேட்டும், திருச்சிக்குப் போய்ப் புத்தகம் வாங்கிப் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். படிக்கப் படிக்க, அந்தப் பையனின் கேள்விதான் இந்த விஷயம் முழுவதற்கும் திறவுகோல் என்று புரிந்தது.

முதலில் கிணற்றுக் கயிறு ஒன்றை எடுத்து ஒரு முனையை வேப்பமரத்தில் இறுக்கிக் கட்டுங்கள். மறுமுனையைக் கையில் பிடித்து லேசாக இழுத்து, மேல்நோக்கி ஒரே ஒரு வெட்டு வெட்டுங்கள். ஒரு மேடு கயிற்றில் ஓடும். மரத்தைத் தொட்டதும் பள்ளமாகத் திரும்பி வரும். இறுக்கிக் கட்டாமல், வழவழப்பான கம்பம் ஒன்றில் வளையம் போட்டுத் தளர மாட்டினால் மேடு மேடாகவே திரும்பும். கிளம்பும்போது அந்த மேட்டுக்கு மரமும் தெரியாது, வளையமும் தெரியாது. இரண்டிலும் ஒரே மாதிரிதான் கிளம்புகிறது. போய்ப் பார்த்துவிட்டுத்தான் சேதியோடு திரும்புகிறது.

முனையில் என்ன நடக்கிறது என்று கூர்ந்து பார்த்தவர் ஒருவர் நம் மண்ணிலேயே பிறந்தவர். ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் திருவானைக்காவலில், தாய்வழித் தாத்தா வீட்டில், 1888 நவம்பர் 7 அன்று பிறந்த சி.வி. ராமன்தான். அவரை ஒளிக்காகவும் 1930 நோபல் பரிசுக்காகவும் நாம் கொண்டாடுகிறோம். அதற்கு முன் பல வருடம் அவர் மூழ்கிக் கிடந்தது இசைக்கருவிகளில். கல்கத்தாவில் நிதித்துறையில் அதிகாரியாக வேலை. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி. 1918-ல் வயலின் தந்தி அதிர்வு பற்றிப் பெரிய ஆய்வு நூல் ஒன்றை வெளியிட்டார். 1921-ல் வீணை, தம்புரா பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்.

அந்தக் கட்டுரை சொல்வது இதுதான். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாமல் நிற்கும் மேல்சுரங்கள் கேட்கக் கூடாது என்பது ஐரோப்பியர் சொல்லிவைத்த விதி. வீணையிலும் தம்புராவிலும் அவை நன்றாகவே கேட்கின்றன. காரணம், தந்தி போய் முடியும் குதிரை. வயலினில் அது கூரான விளிம்பு. நம் கருவிகளில் மேல்பக்கம் வளைந்தும் அகன்றும் இருக்கிறது. தந்தி அதை ஒரே புள்ளியில் தொடாமல், அதிரும்போதெல்லாம் உரசி உரசித் தொட்டு மீள்கிறது. தம்புராவில் ஜீவா என்று ஒரு சின்ன நூலைத் தந்திக்கு அடியில் செருகி நகர்த்துவார்களே, அதுவும் இந்த முனையைச் சரிசெய்வதற்குத்தான். தந்தி அதேதான். முனை மாறியதால் நாதம் மாறிவிட்டது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வீணைக்கு எதிரொலி வேண்டும். இரண்டு முனையிலும் அலை முட்டித் திரும்பித் திரும்பி ஓடினால்தான் சுரமே நிற்கும். சேதி அனுப்பும் கம்பிக்கு அது ஆகாது. நேற்றுச் சொன்ன வார்த்தை இன்றைக்குத் திரும்பி வந்து இன்றைய வார்த்தையோடு கலந்தால் என்ன புரியும்?

சேதி அனுப்பும் கம்பியின் கதை இந்தியாவில் சீக்கிரமே தொடங்கிவிட்டது. 1839-லேயே கல்கத்தாவில் ஓஷானசி என்ற மருத்துவர் தந்திக் கம்பி இழுத்துச் சோதித்துப் பார்த்தார். 1851-ல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் தந்தி வந்தது. அடுத்த சில வருடங்களில் சென்னையும் அந்த வலையில் சேர்ந்தது. (2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்தியபோது எத்தனை பேர் வருத்தப்பட்டோம். "தந்தி" என்றாலே வயிற்றைக் கலக்கிய காலத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை.) தரையில் போன கம்பிகள் ஓரளவு சொன்ன பேச்சைக் கேட்டன. கடலடியில் போட்டவை கேட்கவில்லை. 1858-ல் அட்லாண்டிக் கடலடிக் கம்பியில் விக்டோரியா மகாராணி அனுப்பிய 98 வார்த்தைச் சேதி போய்ச் சேரச் சுமார் 16 மணி நேரம் ஆனது. வேகம் போதவில்லை என்று பொறுப்பாளர் மின்னழுத்தத்தைக் கண்டபடி ஏற்ற, சில வாரத்தில் கம்பியே செத்துப்போனது.

கம்பி என்பது குழாய், மின்சாரம் அதில் ஓடும் தண்ணீர் என்று நினைத்ததுதான் சிக்கல். நானும் வகுப்பில் அந்த உதாரணத்தைத்தான் சொன்னேன். அதைத் திருத்தியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஆலிவர் ஹெவிசைட். லண்டன்காரர், ஏழை வீட்டுப் பிள்ளை, காது சரியாகக் கேட்காது. 16 வயதில் பள்ளியை விட்டவர். தந்தி ஆபரேட்டராக வேலை பார்த்து, 1874-ல் அதையும் விட்டுவிட்டு, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார். டிப்ளமா மட்டும் படித்த நானே அவர் முன்னால் பெரிய படிப்பாளி! மின்துடிப்பு கம்பியில் அலையாக ஓடுகிறது என்பதை அவர் முழுமையாக எழுதிக் காட்டினார். இம்பீடன்ஸ் என்ற சொல்லையும் 1886-ல் அவர்தான் உண்டாக்கினார். நம் புத்தகத் தமிழில் மின்மறுப்பு. ஓடும் அலைக்கு ஒவ்வொரு கம்பியும் தன் அளவில் ஒரு மறுப்பைக் காட்டும். கம்பியின் முனையில் அதே அளவு மின்தடை ஒன்றை வைத்துவிட்டால், வந்த அலை முழுவதும் அதில் அடங்கிவிடும். எதுவும் திரும்பாது. கம்பி முடிவே இல்லாமல் நீண்டு கிடப்பதாகவே அலை எண்ணிக்கொள்ளும். முனையை வெறுமனே விட்டால் அலை முழுசாக நிமிர்ந்து திரும்பும். இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கிவிட்டால் முழுசாகத் தலைகீழாகத் திரும்பும். நம் வேப்பமரமும் வளையமும்தான்.

ஆக, அந்தப் பையனுக்கு விடை இதுதான்: தெரியாது கண்ணா. கிளம்பும்போது மின்சாரத்துக்குத் தெரியவே தெரியாது. பல்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதலில் ஒரு துளி மின்னோட்டம் கிளம்பத்தான் செய்யும். எவ்வளவு கிளம்பும் என்பதைக் கம்பியின் சொந்த மறுப்பு முடிவு செய்கிறது, பல்பு அல்ல. அலை முனைக்குப் போய்ப் பார்த்துத் திரும்பிய பிறகுதான் சுற்று மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பது தீர்மானமாகும். வீட்டுக் கம்பி 20 மீட்டர் இருந்தால் போய்த் திரும்ப ஒரு நொடியில் 50 லட்சத்தில் ஒரு பங்குதான் ஆகும். அதனால் எனக்கு "உடனே" என்று தோன்றியது. பூமிக்கடியில் புதைத்த கேபிள் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பவர்கள் இதையே பிழைப்பாக வைத்திருக்கிறார்கள். ஒரு துடிப்பை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடுவார்கள்.

கம்ப்யூட்டர்கள் இந்தக் கவலை இல்லாமல்தான் பிறந்தன. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் பெரிய கணினி டிஃப்ராக், பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் 1960-ல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆர். நரசிம்மன் சென்னையில் பிறந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். இதை எத்தனை பேர் பள்ளியில் சொல்லிக்கொடுத்தோம்? நானும் சொன்னதில்லை. அதன் நினைவகம் 2048 சொற்கள், ஒவ்வொன்றும் 40 பிட். பிட்டுக்கு ஒன்றாகக் கணக்கிட்டால் எண்பதாயிரத்துக்கும் மேல் குட்டிக் காந்த வளையங்கள், கம்பியில் மணி கோத்த மாதிரி. ஒரு முறை படித்து எழுத 15 மைக்ரோ நொடி. அந்த நேரத்தில் கம்பியில் ஓடும் அலை சுமார் 3 கிலோமீட்டர் போய்விடும். கணினி இருந்ததோ ஒரு அறையில். எதிரொலி நூறு முறைக்கு மேல் போய் வந்து, களைத்து அடங்கிய பிறகுதான் அடுத்த வேலையே. முனையில் என்ன இருந்தால் என்ன?

வேகம் கூடியதும், பலர் ஒரே கம்பியைப் பங்கு போடத் தொடங்கியதும்தான் வினை வந்தது. கம்ப்யூட்டரில் இதற்குப் பெயரே பஸ். யார் வேண்டுமானாலும் ஏறலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். நம் திருச்சி - திண்டுக்கல் பாதை ஒற்றைத் தடமாக இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். எதிர் வண்டி வந்து சேர்ந்து தடம் காலியாகும் வரை இந்த வண்டி நிலையத்தில் நிற்கும். அந்த நிற்கும் நேரம் மெமரியிலும் உண்டு. ஒரு குச்சி பேசி முடித்து அடுத்தது தொடங்கும் முன் கம்பி அடங்க ஒரு இடைவெளி விட்டாக வேண்டும்.

1986 டிசம்பரில் பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வகத்தில் ஃப்ளோசால்வர் என்று நாட்டின் முதல் இணைக் கணினி ஓடியது. இன்டெல் 8086 செயலிகள் நான்கு சேர்ந்து ஒரே கணக்கைப் போட்டன. பாபா அணு ஆராய்ச்சி மையம் 1990-களின் தொடக்கத்தில் கட்டிய அனுபம், மல்டிபஸ்-2 என்ற பொதுத்தடத்தில் தொடங்கியது. அந்தத் தடத்தின் கடிகாரம் நொடிக்கு ஒரு கோடி முறை அடிக்கும். அதாவது அடிக்கு அடி 100 நானோ நொடி. தடத்தின் இரு முனையிலும் அலையை அடக்கும் மின்தடைகள். அந்த வேகத்துக்கு அது போதும். ஆனால் பொதுத்தடத்தில் செயலி கூடக் கூடக் காத்திருப்பு கூடும், கிளைக்குக் கிளை எதிரொலியும் கூடும். புனேயில் 1988-ல் தொடங்கிய சி-டாக் வேறு வழி பிடித்தது. அவர்கள் 1991-ல் கொண்டுவந்த பரம் 8000-ல் டிரான்ஸ்பியூட்டர் என்ற செயலிகள் தனித்தனி மெமரியோடு, பக்கத்தில் இருப்பவரோடு மட்டும் தனி இணைப்பு வைத்துப் பேசின. அமெரிக்கா சூப்பர் கம்ப்யூட்டர் தரத் தயங்கிய கதையைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். பொதுத்தடமா தனித்தடமா என்ற இந்தக் கதைதான் எனக்குச் சுவையாக இருக்கிறது.

டெர்மினேட்டரை நான் கண்ணால் பார்த்ததும் அந்தச் சமயத்தில்தான் என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஆசிரியர்களுக்கான கம்ப்யூட்டர் பயிற்சி ஒன்றுக்குத் திருச்சிக்குப் போயிருந்தேன். பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களை ஒரே கறுப்பு ஒயரில் வரிசையாகக் கோத்திருந்தார்கள். கடைசி மெஷினுக்குப் பின்னால் ஒரு குட்டி மூடி. ஒரு அக்கா, ஏதோ தேவையில்லாத மூடி என்று கழற்றி மேசை மேல் வைத்துவிட்டார். அத்தனை மெஷினும் ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்திவிட்டன. சொல்லிக்கொடுத்த பையன் ஓடி வந்து மூடியைத் திருப்பி மாட்டினான், எல்லாம் சரியாகிவிட்டது. அந்த மூடிக்குள் இருந்தது ஒரே ஒரு 50 ஓம் மின்தடை. ஒயருக்குள் ஓடிய அலையைக் கடைசியில் விழுங்குவதுதான் அதன் வேலை. அன்றைக்கு நாங்கள் அக்காவைக் கேலி செய்துகொண்டு டீ குடிக்கப் போய்விட்டோம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இனி மெமரி. பலகையில் துடிப்பு ஒரு நானோ நொடியில் சுமார் 15 சென்டிமீட்டர் ஓடும். 1990-களின் கடைசியில் மெமரி நொடிக்கு 10 கோடி முறை அடித்தபோது, ஒரு பிட்டுக்கு 10 நானோ நொடி. ஒன்றரை மீட்டர் நீளப் பிட்! பலகையின் தடமோ ஒரு சாண். எதிரொலி அடங்க நேரம் இருந்தது. இன்று தம்பி மகன் வாங்கியது நொடிக்கு 480 கோடி முறை. ஒரு பிட்டின் நீளம் வெறும் 3 சென்டிமீட்டர். முதல் பிட் மெமரியைத் தொடும் முன்பே இரண்டாவதும் மூன்றாவதும் அதே தடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். எதிரொலி வந்தால் இப்போது நேராகப் பின்னால் வருகிறவன் முகத்தில்தான் மோதும்.

இடையில் பலவற்றை முயன்று பார்த்தார்கள். 2000-ஆம் ஆண்டு பென்டியம் 4 வந்தபோது ராம்பஸ் என்று ஒரு மெமரி. குச்சி இல்லாத காலி இடத்திலும் சிப்பே இல்லாத வெற்றுக் குச்சி ஒன்றைச் செருகியாக வேண்டும். இல்லாவிட்டால் தடம் நடுவில் அறுந்து, முனையில் இருக்கும் மின்தடைக்கு அலை போய்ச் சேராது. விலையும் அதிகம், நிலைக்கவில்லை. டிடிஆர் முதல் தலைமுறையில் அந்த மின்தடைகளைப் பலகையிலேயே வரிசையாக ஒட்டினார்கள். டிடிஆர் 2-ல் அவற்றைச் சிப்புக்குள்ளேயே வைத்து, வேண்டும்போது போடவும் வேண்டாதபோது எடுக்கவும் வழி செய்தார்கள். இதில் ஒரு அழகு உண்டு. முதல் குச்சிக்கு எழுதும்போது, வேலை இல்லாமல் சும்மா நிற்கும் இரண்டாவது குச்சி தன் மின்தடையைப் போட்டுக்கொண்டு அலையை விழுங்குகிறது. சும்மா நிற்பவனுக்கும் ஒரு வேலை.

2007 வாக்கில் வந்த டிடிஆர் 3-ல் கட்டளைத் தடம் கிளை பிரியாமல், தபால்காரர் தெருவில் வீடு வீடாகப் போவது போல ஒவ்வொரு சிப்பாகத் தொட்டுக்கொண்டு போய் முனை மின்தடையில் முடிகிறது. கிளை இல்லை, எதிரொலி குறைவு. ஆனால் முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் கடிதம் ஒரே நேரத்தில் கிடைக்காதே? அதனால் மெஷினைப் போட்டதும் செயலி ஒவ்வொரு சிப்புக்கும் எவ்வளவு தாமதம் என்று அளந்து குறித்துக்கொள்கிறது. கூடத்தில் நாங்கள் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த "ட்ரெயினிங்"கில் இதுவும் ஒரு பகுதி. தரவுத் தடங்களின் சிக்குக் கோலத்துக்கும் இதுதான் காரணம். ஒன்றாகக் கிளம்பும் பிட்டுகள் ஒன்றாகச் சேர வேண்டும். கிட்டே இருக்கும் தடத்தைச் சுற்றவிட்டுத் தூரத்துத் தடத்தின் நீளத்துக்குச் சமமாக்குகிறார்கள்.

நாலு குச்சி போட்டால் வேகம் குறைவதும் இதனால்தான். ஒவ்வொரு தடத்திலும் இரண்டு பேர் தொங்குகிறார்கள். சுமையும் அதிகம், எதிரொலியும் அதிகம். அலை அடங்க நேரம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று, உங்கள் வீட்டிலும் பயன்படும். நாலு இடம் உள்ள பலகையில் இரண்டு குச்சி மட்டும் போடுவதானால், செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது இடங்களில் போடு என்றுதான் பெரும்பாலும் கையேட்டில் இருக்கும். பக்கத்து இடம் காலியாக இருக்க ஏன் தள்ளிப் போட வேண்டும் என்று தம்பி மகனிடம் கேட்டேன். கிட்ட உள்ள இடத்தில் போட்டால், தள்ளி உள்ள இடம் வரை தடம் வெறுமனே நீண்டு கிடக்கும். அலை அங்கேயும் போய், முனையில் ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு முழுசாகத் திரும்பி வரும் என்றான்.

1990-களின் நடுவில் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று சொல்லுங்கள். பெயர் எனக்கு நினைவிருக்கிறது, இங்கே போட விரும்பவில்லை. டீச்சர் பேச வேண்டும் என்று சொல்லுங்கள்.